கமாண்டோ

(பெயர்ச்சொல்) அதிரடித் தாக்குதலுக்கும் மீட்புக்கும் தனிப்பயிற்சி பெற்ற சிறுபடை; அதன் வீரர். தமிழில்: அதிரடிப்படை.

வேர் போர்த்துக்கீசியம், ஆணை, தலைமை என்று பொருள். தென்னாப்பிரிக்காவின் டச்சு வழிக் குடியேறிகள் தங்கள் குதிரைப்படைகளை இப்படி அழைத்தனர். அவர்களுடனான 1899–1902 போரில் அப்படைகளிடம் திணறிய பிரிட்டன், 1940இல் தன் தனிப்படைகளுக்கு அப்பெயரையே சூட்டியது.

இந்தியாவில் 1984இல் உருவான தேசியப் பாதுகாப்புப் படையின் வீரர்கள் கறுப்புச் சீருடையால் ‘கறுப்புப் பூனைகள்’ ஆயினர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரு கோணனகுண்டேயில், அக்கொலையின் முக்கியக் குற்றவாளியாகத் தேடப்பட்ட சிவராசன் பதுங்கிய வீட்டுக்குள் கறுப்புப் பூனைகள் புகுந்தபோது, அவர் உட்பட எழுவர் இறந்துகிடந்தனர்.

முப்படைகளின் கமாண்டோக்களை ஒரே தலைமையில் இணைக்கும் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு 2019இல் அமைந்தது.