சாவிக்கொத்தும் கைதிகளும்: கேப் கோஸ்ட் கோட்டையில் ஒரு புதுக்குடித்தனம், 1838

ஆங்கிலக் கவிஞர் லெட்டிஷியா எலிசபெத் லாண்டன் 1838 ஜூன் 7 அன்று லண்டனில் ஜார்ஜ் மக்லீனை மணந்தார். ஆகஸ்ட் நடுவில் மேற்கு ஆப்பிரிக்கத் தங்கக் கடற்கரையின் கேப் கோஸ்ட் கோட்டையில் குடிபுகுந்தார். அக்டோபர் 15 அன்று அங்கேயே இறந்தார். அவர் கையில் புரூசிக் அமிலம் என்ற நஞ்சின் புட்டி இருந்ததாகச் சாட்சியம் சொல்லப்பட்டது. அன்றே விசாரணை முடிந்து, அன்றே கோட்டை முற்றத்தில் அடக்கமும் நடந்தது. விபத்தா, தற்கொலையா, கொலையா என்ற விவாதத்தில் அந்த இரண்டு மாதக் குடித்தனம் வெறும் தடயமாகச் சுருங்கிவிட்டது. அதைத் தனியே எடுத்து ஆராய்ந்தால் காலனிய அதிகாரத்தின் இயல்பு துலங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தக் கோட்டை குடியிருப்பதற்கென்று கட்டப்பட்டதன்று. 1653இல் சுவீடன் நாட்டார் தொடங்கிய அந்த வணிகத்தலம், பின்பு ஆங்கிலேயர் கைக்கு மாறி, 1807இல் தடைச்சட்டம் வரும்வரை அடிமை வணிகத்தின் தலைமையிடமாக இருந்தது. 1838இல் லண்டன் வணிகர் குழுவொன்றின் சார்பில் மக்லீன் அங்கிருந்து ஆண்டார். அலுவலகம், கிடங்கு, படைவீடு, சிறை, ஆள்பவரின் இல்லம் எல்லாம் ஒரே மதிலுக்குள் அடங்கின.

லெட்டிஷியாவின் கடிதங்கள் இரு குரலில் பேசுகின்றன. சிலவற்றில் விசாலமான அறைகளும் கடலும் அவரை மகிழ்விக்கின்றன. அவர் பெயரில் வெளிவந்த வேறொன்றிலோ சமையலும் சலவையும் தம் தலையில் விழுந்ததாக நொந்துகொள்கிறார். ஆய்வாளர் பலர் ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பாசாங்கென்றும் பிரிக்கின்றனர். அவ்வாறு பிரிக்கத் தேவையில்லை. சாவிகளுக்கு எண்ணிட்டு, காலைதோறும் கிடங்குக்குச் சென்று, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் அளந்து கொடுப்பதை அவர் வேடிக்கையாக எழுதுகிறார். அறைகளைச் சுத்தம் செய்வோர் கைதிகள். துப்பாக்கி முனையில் கத்தி செருகிய சிப்பாய் காவல் நிற்கிறான். இதையும் அவர் நகைச்சுவையாகவே சொல்கிறார். எனினும் பண்டங்களின் சாவிதான் இல்லத்தரசியிடம் இருந்தது. அங்கு உழைத்த ஆட்கள்மீதான அதிகாரம் கணவரின் நீதிமன்றத்திடம் இருந்தது. பொறுப்பு இல்லத்தரசியுடையது, ஆணை அவருடையதன்று. மகிழ்ச்சியும் குறையும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து பிறந்தவை.

அலுவலகத்தோடு ஒட்டிய வீடு அக்கால அதிகாரிகளுக்குப் புதிதன்றே என மறுக்கலாம். வேறுபாடு ஒன்று உண்டு. மதிலுக்கு வெளியே மக்லீன் செலுத்திய நீதியதிகாரத்துக்குச் சட்ட ஆதாரம் இல்லை. 1842இல் நாடாளுமன்றக் குழு அதை விசாரித்தது. உள்ளூர்த் தலைவர்களுடனான 1844 உடன்படிக்கைக்குப் பின்னரே அது முறைப்படுத்தப்பட்டது. வரம்பு மீறிய அந்த நீதியின் விளைபொருளே புதுமணப் பெண்ணின் வீட்டுத் தரையைத் தேய்த்த கைதிகளின் உழைப்பு. ஆகவே இக்கடிதங்களை மரண விசாரணையின் பின்னிணைப்பாக மட்டும் வைப்பது குறைபாடு. அரசு ஆவணங்கள் தண்டனையைப் பதிவு செய்தன; அந்தத் தண்டனை யார் வீட்டில் வேலையாக மாறியது என்பதை இக்கடிதங்கள் பதிவு செய்கின்றன.