நோயுற்ற பிள்ளையும் பள்ளிப் பதிவேடும்

சாதியின் பெயரால் பள்ளிக் கதவு அடைக்கப்பட்டதை நம் சமுதாயம் நன்கறியும். நோயின் பெயராலும் அது அடைபட்டதுண்டு.

1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் குருதியில் அரிவாள் செல் தன்மையைக் கண்டு வெளியிட்டனர். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய குருதிக் குழாய்களை அடைப்பதே இந்நோய். பெற்றோர் வழி வருவது, ஒட்டிப் பரவுவதன்று. வலி கண்டால் பிள்ளை நாட்கணக்கில் படுத்துவிடும். தணிந்தபின் நலமாகவே தோன்றும். ஆதலால் ‘சோம்பேறி’ என்னும் பழிச்சொல் எளிதில் வந்து சேரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்தது. இடையே கழிந்தவை 64 ஆண்டுகள்! பாதிப்பு 40 விழுக்காட்டுக்குக் குறையாதெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி இன்று உரிமையாகும்.

சான்று பெற்றுத் தருவதும், விடுபட்ட பாடத்தை வீடு சென்று கற்பிப்பதும் கற்ற இளைஞர் கடனாகும். பதிவேட்டில் ஒரு பெயரும் நீங்காது காப்போமாக!