அடுத்தவர் பார்சலும் நம் பொறுப்பும்: விமானப் பயணிகள் அறிய வேண்டியவை

வளைகுடாவுக்கோ உம்ராவுக்கோ ஒருவர் கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவில் நான்கு வீடுகளிலிருந்து பார்சல் வந்துவிடும். மகனுக்கு ஊறுகாய், மருமகனுக்கு மாத்திரை, பேரனுக்குத் துணி. வாங்க மறுத்தால் உறவு கெடும்; பிரித்துப் பார்த்தால் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். ‘அமானிதம், அப்படியே கொடுத்துவிடுங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் சுங்கச் சோதனையில் அதிகாரி முதலில் கேட்பது, ‘பெட்டி யாருடையது?’ என்பதைத்தான்.

‘எனக்குத் தெரியாது’ போதாது

இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவு கவனிக்கத்தக்கது. அதன்படி, பொருள் வைத்திருந்தவர் தெரிந்தே வைத்திருந்தார் என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. சவூதியிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு.

2019இல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதி கத்தார் விமான நிலையத்தில் கைதானார்கள். உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் சுமார் 4 கிலோ ஹஷீஷ் இருந்தது. 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்பது இந்தியாவில் நடந்த விசாரணையில் தெரியவந்து, 2021இல்தான் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். கொடுத்தவர் அந்நியர் அல்லர், நெருங்கிய சொந்தம் என்பதை நாம் மறக்கக்கூடாது.

சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும்

நம்மிடம் சாதாரணமாகப் புழங்கும் சில பொருட்கள் அங்கே குற்றமாகும். குருமாவுக்கு அரைக்கும் கசகசா சவூதியிலும் அமீரகத்திலும் தடை செய்யப்பட்டது. அது கலந்த மசாலாப் பொடியும் ஆபத்துதான். அமீரகத்துக்கு வெற்றிலை, பான் கொண்டுபோவதற்கும் தடை உண்டு.

மருந்தில் இன்னும் கவனம் தேவை. வலிக்குத் தரும் டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, சர்க்கரை நோயாளிகளின் நரம்பு எரிச்சலுக்குத் தரும் பிரெகாபலின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம் ஆகியவை அந்நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் மருத்துவர் சீட்டு வேண்டும். அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகக்கூடாது. அடுத்தவருக்கான மருந்தை எடுத்துச் செல்லாமலிருப்பதே நல்லது.

பணமும் தங்கமும்

உம்ரா குழுவின் செலவுப் பணம் முழுவதையும் ஒருவரே வைத்திருப்பது வழக்கம். சவூதியில் 60,000 ரியால், அமீரகத்தில் 60,000 திர்ஹம் என்ற அளவை எட்டினால் அதை அறிவிக்க வேண்டும். இந்தியாவுக்குள் வரும்போது வெளிநாட்டு நோட்டுகள் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும்.

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பும் இந்தியருக்கு நகையில் சலுகை உண்டு: ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். தங்கக் கட்டியும் காசும் இதில் சேரா. டிக்கெட் செலவும் கைச்செலவும் கிடைக்கிறது என்று ‘குருவி’யாகப் போகும் இளைஞர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிடிபட்டால் வழக்கு அவர்கள் பெயரில்தான். அனுப்பியவரைத் தேடினால் அகப்படமாட்டார்.

வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால் பச்சை வழியை விட்டுச் சிவப்பு வழியில் செல்ல வேண்டும். உண்மையை அறிவித்தவருக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வரி கட்ட முடியாவிட்டால், 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி பொருளைச் சுங்கத் துறையின் பொறுப்பில் விட்டு, மீண்டும் வெளிநாடு செல்லும்போது பெற்றுக்கொள்ளக் கோரலாம். மறைத்தவர் இச்சலுகையைக் கேட்க முடியாது.

பிரித்துப் பார்ப்பது துரோகமா?

அமானிதத்தை ஏற்பதென்றால் ஒரு பொருளைப் பத்திரமாகச் சேர்ப்பிப்பதாக வாக்குக் கொடுக்கிறோம். என்னவென்றே அறியாத பொருளுக்கு எப்படி வாக்குக் கொடுப்பது? கொடுப்பவர் சம்மதத்தோடு, அவர் கண் முன்னால் பிரித்துப் பார்ப்பதில் எந்தத் துரோகமும் இல்லை. அதற்குச் சம்மதிக்காதவரின் பார்சலை வாங்க நமக்கு எந்தக் கடமையும் இல்லை. விசா வாங்கும்போது அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்கிறோம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை என்பதால், சுங்க அதிகாரியை ஏமாற்றுவதைச் சாமர்த்தியம் என்று சொல்ல இடமில்லை.

கிளம்பும் முன்

நம் பெட்டியை நாமே அடுக்குவோம். அடுத்தவர் பொருளைப் பிரித்துப் பார்த்து, கொடுத்தவர் முன்னிலையில் படமெடுத்து வைப்போம். ஒட்டிய டப்பா, தைத்த பை, கனமான செருப்பு என்றால் வாங்க வேண்டாம். விமான நிலைய வாசலில் முன்பின் அறியாதவர் நீட்டும் பையைத் தொடவே வேண்டாம். விதிகள் மாறக்கூடியவை, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அந்நாட்டுச் சுங்கத் துறையின் அறிவிப்பைப் பார்ப்போம்.

வெளிநாட்டில் கைதாகும் நிலை வந்தால், நம் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி நமக்கு உண்டு. புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திட வேண்டாம், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பார்சல் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பயணியிடம் நீங்களே பிரித்துக் காட்டிக் கொடுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்கும் சங்கடம் இருக்காது.