பெயர் எழுதி வைத்த குடியேற்றம்

தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நம் குடும்பங்களில் பாட்டனார் பெயரை அறிவோம். பூட்டனார் பெயரைக் கேட்டால் தயங்குவோம். பாட்டியாரைப் பெற்ற தாயின் பெயரோ பெரும்பாலும் எவர் நினைவிலும் இராது. ஆனால் கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சு வழியினருள் மிகப் பலர், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த முன்னோர் வரை, தாய்வழியிலும் தந்தைவழியிலும் பெயர் சொல்ல வல்லவர்கள். அம்முன்னோர் அரசகுலத்தார் அல்லர். உழவரும் தச்சரும் படைவீரருமே. இது எங்ஙனம் கைகூடிற்று?

1608-இல் சாம்ப்ளேன் கியூபெக் நகரை நிறுவினார். 1621 முதல் அங்குள்ள கத்தோலிக்கக் குருமார் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் பதிந்தனர். திருமணப் பதிவில் மணமக்கள் இருவருடைய பெற்றோர் பெயரும், அவர்தம் ஊரும் இடம்பெறுவது வழக்கம். ஆகவே ஒரு திருமணப் பதிவு கிடைத்தால் ஒரு தலைமுறை மேலே ஏறலாம். அங்கிருந்து அடுத்த படி. மேலும், பெண்கள் மணமான பின்னரும் ஆவணங்களில் பிறந்த குடும்பத்துப் பெயராலேயே குறிக்கப்பெற்றனர். தாய்வழி அறுந்துபோகாமல் நின்றது இவ்வழக்கத்தால்தான்.

1640-இல் கியூபெக் நகரத்துக் கோயில் தீக்கிரையாயிற்று, ஏடுகளும் எரிந்தன. குருமார் சோர்ந்துவிடவில்லை, மக்களின் நினைவைக் கேட்டுக் கேட்டு அவற்றை மீண்டும் எழுதினர். பின்னாளில் ஏடுகளை இருபடியாக எழுதி, ஒரு படியை நீதிமன்றத்தில் வைக்கும் முறையும் வந்தது.

கோயில் ஏட்டுக்குத் துணைநின்றவை திருமண ஒப்பந்தங்கள். 1634-இல் வந்த தச்சர் சக்கரி கிளூத்தியே, தம் மகள் ஆனுக்காக 1636-இல் ஓர் ஒப்பந்தம் செய்தார். கனடாவில் எஞ்சியுள்ள திருமண ஒப்பந்தங்களுள் மிகப் பழையது அதுவே. எழுதப் படிக்க அறியாத அவர், கையொப்பமாகக் கோடரி ஒன்றை வரைவது வழக்கம். 1800-க்குள் திருமணமான அவருடைய வழித்தோன்றல்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர்!

1663 முதல் 1673 வரை ஏறத்தாழ 800 மணமாகாத பெண்களை அரசுச் செலவில் பிரான்சு அனுப்பியது. அவருள் பலர் தந்தையை இழந்தவர்கள். 1665-இல் வந்த கரிஞான் படைப்பிரிவின் வீரருள் சுமார் 400 பேர் அங்கேயே தங்கினர். ‘பூ’ எனப் பொருள்படும் லாஃப்ளேர், ‘கவலையற்றவன்’ எனப் பொருள்படும் சான்சூசி போன்ற படைப்பெயர்கள் குடும்பப் பெயர்களாகவும் நிலைத்தன. ஒரு குடும்பமே இரு பெயரால் வழங்கியதால், மரபு தேடுவோர் இன்றும் இடறும் இடம் இது. 1666-இல் ஆளுகை அதிகாரி தாலோன் எடுத்த குடிக்கணக்கு 3,215 பேரைப் பெயர் சொல்லிப் பதிந்தது.

1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் கனடா ஆங்கிலேயர் வசமாயிற்று. புதுச்சேரியைப் பிரெஞ்சியருக்கு மீட்டளித்ததும் அதே உடன்படிக்கைதான். கொடி மாறினும் கனடாவின் கோயில் ஏடுகள் நிற்கவில்லை. அவற்றைத் திரட்டித் தாங்கே என்னும் குரு 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளை வெளியிட்டார். மான்ட்ரியால் பல்கலைக்கழகம் 1966-இல் இப்பணியைக் கணினியின் துணையோடு மேற்கொண்டது.

எனினும், ஏடு எல்லாரையும் ஒன்றாக நடத்தவில்லை. வரலாற்றாசிரியர் மார்செல் துருதெல் திரட்டிய பட்டியலில் சுமார் 4,200 அடிமைகள் உள்ளனர். அவருள் பெரும்பாலோர் அம்மண்ணின் பழங்குடியினர். குடியேறியவர்க்குத் தாய் தந்தை ஊர் என மூன்றும் எழுதிய அதே கை, அடிமைக்குப் பல வேளைகளில் ஒற்றைப் பெயரோடு நின்றுவிட்டது. அவர்தம் வழித்தோன்றல்கள் மேலே ஏறப் படியில்லை. ஏட்டில் விடுபட்ட பெயர் காலத்திலும் விடுபட்டுப் போகிறது.

வேர் அறிவது குலப்பெருமை பேசுவதற்கன்று. நமக்காகக் கடல் கடந்தவர், ஊர் துறந்தவர் யார் என்று நன்றியோடு அறிவதற்கே. நம் இல்லங்களில் முதியோர் இருக்கும்போதே ஒரு குறிப்பேட்டைத் திறப்போம். பிறந்த ஊரையும், தந்தை பெயரையும், மறவாமல் தாயின் பெயரையும் எழுதுவோம். எரிந்த ஏட்டை நினைவிலிருந்து மீட்டனர் கியூபெக் மக்கள். நினைவு உள்ளபோதே எழுதி வைக்க நமக்கென்ன தடை?