‘சோறு இறங்க மாட்டேங்குது டாக்டர்!’ - இந்த ஒரு வரிக்கு 6 மெடிக்கல் கோடு... எது சரி?

‘‘தண்ணி குடிச்சாலே இருமல் வருது...’’, ‘‘சோறு நெஞ்சுலயே நிக்குது...’’ - ரெண்டுமே விழுங்குறதுல சிரமம்தான். மருத்துவத்தில் இதற்கு ‘டிஸ்பேஜியா’ என்று பெயர். ஆனால், சிக்கல் இருக்கும் இடம் வேறு. அதனால் கோடும் வேறு. அமெரிக்க நோயாளிகளின் ரெக்கார்டுகளை சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து கோடிங் செய்யும் இளைஞர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

முதலில் கேள்விகள். திட உணவு மட்டும் அடைத்தால் உணவுக்குழாய் சுருக்கமோ, கட்டியோ இருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் இறங்கவில்லை என்றால், தசை அல்லது நரம்பின் இயக்கத்தில் சந்தேகம் வரும். அடுத்து, பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோ, எண்டோஸ்கோபி போன்ற பரிசோதனைகள். சிலருக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போய், நிமோனியா வரை கொண்டுபோய்விடும். அதனால் இந்தப் பரிசோதனைகள் ரொம்ப முக்கியம்.

கோடுகள் என்னென்ன?

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-சிஎம் படி...

* ஆர்13.10 - வகை குறிப்பிடாதது

* ஆர்13.11 - வாய்க் கட்டம்

* ஆர்13.12 - வாயும் தொண்டையும்

* ஆர்13.13 - தொண்டைக் கட்டம்

* ஆர்13.14 - தொண்டையும் உணவுக்குழாயும்

* ஆர்13.19 - மற்றவை (நரம்பு சார்ந்தது இதில் வரும்)

எங்கே சறுக்குவோம்?

மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வந்த ஸ்ட்ரோக்கின் பின்விளைவாக டிஸ்பேஜியா இருந்தால், ஐ69.391 முதலில், கூடவே வகையைச் சொல்லும் ஆர்13.1 கோடு. ரெண்டாவதை விட்டுவிட்டால் ரெக்கார்டு அரைகுறைதான். அதேபோல, வெளிநோயாளி ரெக்கார்டில் ‘இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதிய நோயைக் கோடு பண்ணக் கூடாது; அறிகுறியைத்தான் கோடு பண்ணணும்.

‘டிஸ்பேஜியா’ என்று மட்டும் எழுதியிருந்தால்? பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே வகையை முடிவுசெய்யாதீர்கள். டாக்டரிடம் கேள்வி அனுப்புங்கள். அடுத்து அந்த ரெக்கார்டைத் திறப்பவருக்கு, ‘இவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?’ என்பதே பெரிய கேள்வியாக இருக்கலாம்!