மழையா, மரமா? வட ஐரோப்பியக் காடுகளின் இலையுதிர்காலக் காளான்கள்

செப்டம்பர் தொடங்கி அக்டோபர் முடியும்வரை வட ஐரோப்பாவின் ஓக், பீச், பிர்ச், பைன் காடுகளில் காளான்கள் பெருகுகின்றன. பிர்ச் மரத்தடியில் செந்நிறத் தொப்பியில் வெண்புள்ளி தெளித்த அமனிட்டா மஸ்காரியாவும், பீச், பைன் மரங்களின் கீழ் தடித்த தண்டுடைய பொலீட்டஸ் எடியூலிஸும் தலைகாட்டுகின்றன. மழை பெய்து குளிர் தொடங்கியதும் உதிர்ந்த இலைகள் மட்க, அந்த மட்கில் காளான் முளைக்கிறது என்பதே இதற்குப் பரவலாகத் தரப்படும் விளக்கம். அதில் ஓர் இடறல் உண்டு. பொலீட்டஸ் மிகுதியாக முளைக்கும் செப்டம்பரில் அந்த ஆண்டின் இலைகளுள் பெரும்பகுதி இன்னும் மரத்திலேயே இருக்கிறது. உதிராத இலை மட்காது. காளான் எந்த நாளில் வெளிவரும் என்பதை மழையும் குளிரும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு முளைக்கும், எந்தப் பருவத்தில் முளைக்கும் என்பவற்றை வேரோடு கூடி வாழும் இனங்களைப் பொறுத்தவரை மரமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கண்ணுக்குத் தெரியும் காளான் பூஞ்சையின் கனியுடல் மட்டுமே. அதன் உடல் மண்ணுக்குள் நுண்ணிழைகளாகப் பரந்து கிடக்கிறது. ஓர் இழையின் தடிமன் பொதுவாக மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கையும் எட்டுவதில்லை. கனியுடலின் கரு மழைக்கு முன்பே குண்டூசித் தலையளவில் உருவாகி, தொப்பியும் தண்டும் வகுபட்டுக் காத்திருக்கிறது. நீர் கிடைத்ததும் அதன் செல்கள் உப்புகின்றன. முளைத்த காளானின் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர் என்பதால், ஒரே இரவில் முளைத்ததுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. குளிரின் பங்கை மொட்டுக்காளான் வளர்ப்போர் நன்கறிவர். இழை பரவும்வரை அறையை 25 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருந்து, பிறகு 16 முதல் 18 பாகைக்கு இறக்கினால்தான் மொட்டு கட்டும். ஆனால் அந்த அறையில் உணவு முன்னதாகவே மட்கு உரமாகத் தயார். காட்டில் அந்த உணவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

பிரஷ்ய அரசுக்காக, மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்ற உணவுப் பூஞ்சையின் வளர்ப்பை ஆராய்ந்த ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், மரவேர்களின் நுனியைப் பூஞ்சை உறைபோல் மூடி வாழ்வதை 1885இல் விளக்கி, அக்கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். தமிழில் இது வேர்ப்பூஞ்சை எனப்படுகிறது. பூஞ்சை பாஸ்பரஸ், நைட்ரஜன், நீர் ஆகியவற்றை மண்ணிலிருந்து திரட்டித் தருகிறது. மரம் சர்க்கரை தருகிறது. 2008இல் லக்காரியா பைகலர் என்ற வேர்ப்பூஞ்சைக் காளானின் மரபணுத்தொகை வெளியானபோது, தாவரச் செல்சுவரை உடைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் மிகக் குறைவாக இருப்பது தெரியவந்தது. இத்தகைய பூஞ்சை தானே இலையை மட்கவைத்துப் பிழைப்பது அரிது.

மரம் தரும் சர்க்கரை பழைய சேமிப்பா, அந்தப் பருவத்து ஒளிச்சேர்க்கையின் விளைச்சலா என்பதை வட ஸ்வீடனின் பைன் காட்டில் பீட்டர் ஹொக்பெரி குழுவினர் சோதித்தனர். மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்கும் வழியை அவர்கள் அடைத்தனர். தண்டின் உட்கட்டை வழியே நீர் மேலேறுவது தடைபடவில்லை. 2001இல் வெளியான முடிவுகளின்படி, ஓரிரு மாதங்களில் மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயு பாதிக்கு மேல் குறைந்தது. பட்டை உரிக்காத பகுதிகளில் வேர்ப்பூஞ்சைக் காளான்கள் வழக்கம்போல் முளைத்தன. உரித்த பகுதிகளில் அநேகமாக இல்லை. மழையும் குளிரும் இரு பகுதிகளுக்கும் பொது. இவ்வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம். பைன் மரங்களில் கார்பனின் போக்கைத் தொடர்ந்த அதே ஆய்வு மரபின் பிற்காலச் சோதனை, வேருக்கு இறங்கும் கார்பன் ஜூனைவிட ஆகஸ்டில் பல மடங்கு அதிகம் எனக் காட்டியது. கோடையின் முற்பகுதியில் தளிருக்கும் தண்டுக்கும் செலவாகும் சர்க்கரை, அவ்வளர்ச்சி ஓய்ந்தபின் கீழே திரும்புகிறது.

வசந்தகாலத்தையும் இங்கு ஒப்பிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் ஈரமும் மிதமான குளிரும் உண்டு. மட்கிய பொருளை உண்டு வாழும் மட்குண்ணியான செயின்ட் ஜார்ஜ் காளான் அப்போதுதான் புல்வெளிகளில் முளைக்கிறது. வேர்ப்பூஞ்சைக் காளான்களோ, சில விலக்குகள் தவிர, அப்போது தென்படுவதில்லை. ஈரமும் குளிரும் மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

மறுப்பும் உண்டு. மரத்தோடு கூடி வாழாத மட்குண்ணிகளுள் பலவும் இலையுதிர்காலத்தில்தான் முளைக்கின்றன. மரத்தைக் கொன்று தின்னும் ஆர்மில்லாரியாவும் அப்படியே. குளிரும் ஈரமும் பலவகைப் பூஞ்சைகளுக்கும் பொதுத் தூண்டல் என்பதை இது உறுதிசெய்கிறது. வேர்ப்பூஞ்சைகளுக்கு அதற்கு மேலும் ஒரு நிபந்தனை இருப்பதை இது மறுக்கவில்லை.

காலநிலை மாற்றம் இக்கேள்விக்குத் திட்டமிடாத சோதனைக்களமாகிவிட்டது. தென் இங்கிலாந்தில் 1950 முதல் 2005 வரை திரட்டிய 52,000 பதிவுகளை ஆராய்ந்து ஆலன் கேஞ்ச் குழுவினர் 2007இல் எழுதிய கட்டுரை, 315 இனங்களின் சராசரி முளைப்புப் பருவம் சுமார் 33 நாளிலிருந்து 75 நாளாக நீண்டதைக் காட்டியது. நார்வேயின் உலர்மாதிரிச் சேகரிப்புகளை ஆராய்ந்த ஹோவார்ட் கௌசெருட் குழு, 1980க்குப் பின் முளைப்பு சராசரியாக 12.9 நாள் தள்ளிப்போனதைக் கண்டது. இரண்டையும் வெறும் வெப்பநிலைக் கணக்கில் அடக்குவது கடினம். இங்கிலாந்துப் பதிவுகளில் புதைந்திருந்த ஒரு செய்தி அதிகம் பேசப்படவில்லை. அகன்ற இலை உதிர்க்கும் மரம், ஊசியிலை மரம் இரண்டோடும் கூடக்கூடிய அதே இனங்கள், முதல் வகைக் காட்டில் மட்டுமே பிந்தி முளைக்கத் தொடங்கியிருந்தன. பூஞ்சை ஒன்று, வானிலை ஒன்று. துணைமரம் மட்டும் வேறு.

மரத்தைச் சார்ந்த இந்த வாழ்வை இலையுதிர்காலமே இல்லாத இடத்திலும் காணலாம். நீலகிரியில் நடப்பட்ட பினஸ் பட்டுலா தோட்டங்களில் அமனிட்டா மஸ்காரியாவும் சுய்லஸ் இனங்களும் பதிவாகியுள்ளன. ஆயினும், தாய்மரங்கள் பூஞ்சை வழியே குட்டிகளுக்கு ஊட்டுகின்றன என்ற பரவலான கதைக்கு மேற்கண்ட சான்றுகள் எதுவும் துணைபோகா. மரத்திலிருந்து பூஞ்சைக்குச் சர்க்கரை செல்வது உறுதி. அது மற்றொரு மரத்தைப் பயனுள்ள அளவில் சென்றடைகிறதா என்பதற்குக் களச் சான்று போதவில்லை என்று ஜஸ்டின் கார்ஸ்டும் உடனாய்வாளர்களும் 2023இல் வாதிட்டனர்.

காளான் பாதுகாப்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் பறிப்போரின் கூடையைச் சுற்றியே நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் லா ஷனேயா காப்பகத்தில் 1975 முதல் நடந்த நெடுநாள் ஆய்வு, பறிப்பதால் பிந்தைய ஆண்டுகளின் விளைச்சல் குறையவில்லை என்று காட்டியது. தரையை மிதித்தபோது முளைத்த எண்ணிக்கை குறைந்தது. அதே காட்டில் மரங்களைக் கலைத்து இடைவெளி விட்டபோது, எஞ்சிய மரங்களின் வளர்ச்சியோடு வேர்ப்பூஞ்சைக் காளான்களும் பெருகின. நைட்ரஜன் மாசின் விளைவு இதற்கு நேரெதிர். கால்நடைப் பண்ணைகளின் அம்மோனியா காற்றில் கலந்து படியும் நெதர்லாந்தில் சாந்தரெல் உள்ளிட்ட வேர்ப்பூஞ்சைக் காளான்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அருகின. ஈஃப் அர்னால்ட்ஸ் இதை ஆவணப்படுத்தினார். நைட்ரஜன் தானே கிடைக்கும்போது மரம் பூஞ்சைக்கு அனுப்பும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்கிறது. ஸ்வீடனில் உரமிட்ட பைன் காட்டில் அந்த வரத்து பாதிக்கும் கீழே சரிந்தது. பறிக்கும் அளவுக்கு வரம்பு விதிப்பதைவிட, காற்றில் கலக்கும் அம்மோனியாவுக்கு வரம்பு விதிப்பதே இக்காளான்களுக்குக் கூடுதல் பயன் தரும்.