டாட் ஆர்க் யாருக்குச் சொந்தம்?

"டொமைன் வாங்கிட்டேன்"னு நாம எல்லாருமே சொல்றோம், நானும் அப்படித்தான் சொல்வேன். உண்மையில் அது வாடகை. வருஷா வருஷம் பணம் கட்டணும். எந்தப் பெயர் யாரிடம் இருக்கிறது என்ற பதிவேட்டை வைத்திருக்கும் அமைப்புதான் ரெஜிஸ்ட்ரி. அது யார் கையில் இருக்கணும்? 2019-ல் இந்தக் கேள்வி வீதிக்கு வந்தது.

கொஞ்சம் பின்னாடி போவோம். டாட் காம், டாட் ஆர்க் எல்லாம் 1985-ல் பிறந்தவை. அன்று இந்தப் பட்டியலைக் கவனித்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். 1994-ல் அவர் எழுதிய ஆர்எஃப்சி 1591-ன் சாரம் இதுதான்: டொமைனை நிர்வகிப்பவர் அறங்காவலர் மாதிரி. சொந்தம், உரிமை என்ற பேச்சு இங்கே பொருந்தாது. பொறுப்பும் சேவையும்தான் முக்கியம்.

2003-ல் டாட் ஆர்க், வெரிசைன் நிறுவனத்திடமிருந்து பிஐஆர் என்ற லாப நோக்கமற்ற அமைப்புக்கு மாறியது. அதைத் தொடங்கியது இன்டர்நெட் சொசைட்டி. விக்கிபீடியா, செஞ்சிலுவைச் சங்கம் எல்லாம் குடியிருக்கிற தெரு அது. மொத்தம் 1 கோடிக்கும் அதிகமான பெயர்கள்.

2019 ஜூனில், டாட் ஆர்க் விலைக்கு இருந்த உச்சவரம்பை ஐகேன் நீக்கியது. கருத்துக் கேட்டபோது 3,000-க்கும் அதிகமானோர் எழுதினார்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அப்புறமும் நீக்கினாங்க. நவம்பரில் அடுத்த அறிவிப்பு: எத்தோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு பிஐஆர் விற்கப்படும். விலை 113.5 கோடி டாலர்.

இன்டர்நெட் சொசைட்டி பக்கமும் நியாயம் இருந்தது. அந்தப் பணத்தை முதலீடு செய்தால் தங்கள் பணிகளுக்கு நிலையான வருமானம் கிடைக்கும் என்றார்கள். ஆனா வாங்குற திட்டத்தில் 36 கோடி டாலர் கடனும் இருந்தது, அதுவும் பிஐஆர் தலையில். எதிர்ப்பு வலுத்ததும், 8 வருஷத்துக்கு விலை உயர்வு சராசரியாக ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டாது என்று எத்தோஸ் வாக்குக் கொடுத்தது. கூட்டு வட்டி மாதிரி கணக்குப் போட்டுப் பாருங்க, 8 வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போகும்!

2020 ஏப்ரல் 15 அன்று, அனுமதிக்க வேண்டாம் என்று கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் சேவியர் பெசேரா ஐகேனுக்குக் கடிதம் எழுதினார். ஐகேன் பதிவாகியிருப்பது அந்த மாநிலத்தில்தான். ஏப்ரல் 30 அன்று ஐகேன் கைவிரித்தது. விற்பனை நின்றது.

நல்ல முடிவுதான். ஆனா வாடகை கட்டுறவங்க யாருக்கும் இதில் ஓட்டு இல்லை. கைமாற்ற ஐகேன் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதிதான் காப்பாற்றியது. அதனால என் கருத்து: "லாப நோக்கமற்றது" என்ற பலகை மட்டும் போதாது, பலகையைக் கழற்றி விற்க முடியும்னு பார்த்துட்டோம். விலை வரம்பு, கைமாற்றத் தடை, சரியா நடத்தலைன்னா வேறொருவருக்கு மாற்றும் வழி, இந்த மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்கணும். மாற்றுவது நடக்கிற காரியம்தான், 2003-லேயே நடந்திருக்கு. போஸ்டல் சொன்ன பொறுப்பை ஒருத்தரோட நல்ல மனசை மட்டும் நம்பி விட முடியாது.